திரிஞ்ச பாலும் பூஜ்யம் காட்டுற கணக்கும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. மார்ச் முடிஞ்சு, ஆடிட் முடிஞ்சு, இப்பத்தான் ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. "கடையைச் சாத்திட்டியா?"ன்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க. சாத்தலைங்க. சொல்ல விஷயம் இருந்துச்சு, எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

முன்கூட்டியே சொல்லிடறேன், இது நீளமான பதிவு. நடுவுல கொசுவத்தி சுத்துவேன். கெமிஸ்ட்ரியும் பேசுவேன். பி.காம். படிச்சவன் பேசுற கெமிஸ்ட்ரி, அதனால பயப்பட வேண்டாம் :-)

போன வருஷம் மே மாசம். ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஒரு சின்ன யூனிட்டுக்கு ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன் போயிருந்தேன். விஜயநகர்ல என் வீட்டுல இருந்து ஸ்கூட்டர்ல பத்து நிமிஷம். மொட்டை மாடி, பாத்ரூம் எல்லாம் ஒழுகாம இருக்க சிமெண்ட்ல கலக்குவாங்களே, வெள்ளையா பால் மாதிரி ஒரு திரவம், அதைத் தயாரிக்கிற யூனிட். ஸ்டைரீன்-பியூட்டாடையீன் லேடக்ஸ்னு பேரல்ல வாங்குவாங்க. தண்ணி விட்டு, சில சாமான் சேர்த்து, 1 லிட்டர், 5 லிட்டர், 20 லிட்டர் கேன்ல அடைச்சு விப்பாங்க. நடத்துறது ஒரு அம்மா. எட்டு பேர் வேலை செய்றாங்க. எங்க கிளையில 20 லட்சம் கேஷ் கிரெடிட்.

உள்ள நுழைஞ்சதுமே அந்த அம்மா சொன்னாங்க: "சார், ஹாலு ஒடெது ஹோய்த்து."

கன்னடத்துல பால் "உடையும்". நம்ம ஊர்ல பால் "திரியும்". வார்த்தை வேற, சங்கடம் ஒண்ணுதான். நான் ஏதோ காபிக்கு வெச்ச பால்னு நினைச்சு, "பரவாயில்ல மேடம், இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்"னுட்டேன். அவங்க சிரிக்கல. ஒரு கேனைத் திறந்து சாய்ச்சுக் காட்டினாங்க. மேல நீர்த்த தண்ணி. அடியில பனீர் மாதிரி வெள்ளைக் கட்டி. விரலால அழுத்தினா ரப்பர்.

எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணிச்சு. அந்தக் கட்டியை எனக்கு முன்னாடியே தெரியும்.

*

இங்க கொசுவத்தி.

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். தமிழ்நாட்டுல ரப்பர்னா எங்க மாவட்டம்தான். அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர். விடியறதுக்கு முன்னாடி பால்வெட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள சிரட்டையில விழுந்த பாலைச் சேகரிச்சு, வடிகட்டி, டிஷ்ல ஊத்தி, ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வெச்சு, ரோலர்ல கொடுத்து ஷீட். சிரட்டையிலயும் வெட்டுக் காயத்துலயும் ஒட்டிக் காஞ்சது ஒட்டுப்பால், அதுக்கு விலை கம்மி. இதுதான் எங்க வீட்டு வரவு செலவு.

1992 ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெஞ்சதுல ஷீட் காயவே இல்ல, பூஞ்சை பிடிச்சுது. பாலாவே எடுத்துக்கற ஏஜென்ட் ஒருத்தர் வந்தாரு. அவருக்கு ஒரே நிபந்தனை, பால் திரியக் கூடாது. அதுக்கு அம்மோனியாத் தண்ணி கொடுத்திருந்தாரு. கேனுக்கு இத்தனை குப்பின்னு அப்பா எனக்குக் கணக்கு சொல்லிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போயிட்டாங்க. எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. ஞாயித்துக்கிழமை. வெளியில பசங்க பந்து விளையாடக் கூப்பிடுறானுவ. அந்த அம்மோனியா நெடி இருக்கே, மூடியைத் திறந்தாலே கண்ணுல இருந்து தண்ணி கொட்டும். முதல் கேனுக்குப் பாதி விட்டேன். மத்ததுக்கு விடவே இல்ல. மிச்சத்தை வாழை மூட்டுல கொட்டிட்டு ஓடிட்டேன்.

மதியம் ஜீப் வந்தப்போ எல்லாக் கேன்லயும் கட்டி. ஏஜென்ட் ஒண்ணும் பேசல, ஜீப்பைத் திருப்பிட்டுப் போயிட்டாரு. அந்த சீசன் முழுக்கத் திரும்பி வரல. அப்பா கேனை ஒவ்வொண்ணாக் கவுத்தி, கட்டியை வெட்டி, ஒட்டுப்பாலோட சேர்த்து வித்தாங்க. என்னை ஒரு கேள்வி கேக்கல. அந்த வருஷம் வாங்கித் தர்றதாச் சொன்ன சைக்கிள் மட்டும் வரல.

நான் சொல்லவும் இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல.

கொசுவத்தி அணைச்சாச்சு.

*

ஹெப்பாளுக்கு வருவோம். ஸ்டாக் ஸ்டேட்மென்ட்ல முடிஞ்ச சரக்கு 6 லட்சத்து சொச்சம். அதுல நாலு லட்சத்துக்கு மேல இந்தத் திரிஞ்ச கேன்கள். கடைகள்ல இருந்து திரும்பி வந்ததும் அதுலயே அடக்கம். உள்ள இருக்கிற சரக்கு மதிப்புல 25 சதவீதம் மார்ஜின் கழிச்சுத்தான் டிராயிங் பவர். திரிஞ்சதை சரக்குன்னு எழுத முடியாது. கழிச்சா, கணக்கு எல்லை தாண்டிடும். ஏற்கெனவே 40 நாளா இழுபறி, அதாவது எஸ்.எம்.ஏ.-1. 90 நாள் தாண்டினா வாராக்கடன். அப்புறம் அந்தம்மாவுக்கு வேற எந்த பேங்க்லயும் கதவு திறக்காது.

"என்னாச்சு மேடம்?"னு கேட்டேன். அவங்க மறைக்கல. ரெண்டு மிச்சம் பிடிக்கப் பார்த்திருக்காங்க. ஒண்ணு, விலை குறைஞ்ச லேடக்ஸ். ரெண்டு, ஆர்.ஓ. மெஷின் ரிப்பேர் ஆனதும், அதைச் சரி பண்ணப் பணம் இல்லாம, ரெண்டு பேட்ச்சுக்கு போர்வெல் தண்ணி. கலக்கினப்போ நல்லாத்தான் இருந்துச்சாம். கடைக்குப் போயி மூணு வாரத்துல குறுணை கட்டி, அப்புறம் மொத்தமாத் திரிஞ்சிருக்கு.

அடுத்த பேட்ச்சுக்கு ஒரு சாமானை ஒரு சப்ளையர் சிபாரிசு பண்ணியிருக்காரு. கொட்டேஷனை நீட்டினாங்க. அதுல "ஸ்விட்டர் அயானிக் சர்ஃபாக்டன்ட்"னு இருந்துச்சு. சாதா சோப்பு வகையறாவை விட விலை ஜாஸ்தி. "இதுக்கும் சேர்த்து லிமிட் கொஞ்சம் ஏத்திக் கொடுங்க சார்."

திரிஞ்ச சரக்குக்கு மேல இன்னும் காசு. மேனேஜர் கேப்பாரு, "இது என்னய்யா சாமான், இதுல என்ன ஆகும்?" எனக்கு அந்தப் பேரைக்கூட ஒழுங்காச் சொல்ல வரல. தெரியாத விஷயத்துல கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கு இல்ல. வேண்டாம்னு எழுதறதும் கையெழுத்துதானே?

*

விஜயநகர் வாட்டர் டேங்க் பக்கம் காலையில நடக்கப் போறப்போ கூட நடக்கிறவர் ஒருத்தர் இருக்காரு. ரிட்டையர்டு கெமிஸ்ட்ரி லெக்சரர். எல்லாரும் அவரை மேஷ்ட்ருன்னுதான் கூப்பிடுவோம். மறுநாள் அவர்கிட்ட கொட்டேஷனைக் காட்டினேன். "இன்னிக்கு வாக்கிங் கேன்சல், உங்க வீட்டுக்குப் போலாம்"னாரு.

எங்க வீட்டுல ரெண்டு பைப். ஒண்ணு காவேரி, ஒண்ணு போர். போர் தண்ணியில குளிச்சா சோப்பு நுரைக்காது, பக்கெட் ஓரத்துல அழுக்கா ஒரு வளையம் ஒட்டும். மேஷ்ட்ரு ரெண்டு கண்ணாடி டம்ளர்ல போர் தண்ணி கேட்டாரு. ஒண்ணுல துணி சோப்பைச் சீவிப் போட்டு ஆட்டினாரு. நுரை இல்ல, தயிர் மாதிரி திப்பி திப்பியா மிதந்துச்சு. இன்னொண்ணுல எங்க பையனோட பழைய பேபி ஷாம்பு ரெண்டு சொட்டு. நுரை பொங்கிடுச்சு, தண்ணி தெளிவு.

"சோப்பு உன் பழைய லேடக்ஸ். ஷாம்பு உன் கொட்டேஷன்"னாரு.

(தங்கமணி சமையலறையில இருந்து: "காலங்காத்தால ரெண்டு பெரியவங்க சேர்ந்து சோப்பு முட்டை விடறீங்களா?")

அவரு சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

லேடக்ஸ்ங்கறது கரைசல் இல்ல. தண்ணிக்குள்ள மிதக்கிற குட்டிக் குட்டி ரப்பர் உருண்டைகள். பேரல்ல வர்ற செயற்கை லேடக்ஸ்ல ஒரு உருண்டை மைக்ரான்ல பத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு அளவு இருக்கும். மரத்துப் பால்ல சிலது மைக்ரானைத் தாண்டும். ரப்பருக்குத் தண்ணி ஆகாது. ரெண்டு உருண்டை தொட்டுக்கிட்டா ஒட்டிக்கும், ஒட்டினது பிரியாது. அப்போ ஏன் எல்லாம் உடனே ஒட்டிக்கல? உருண்டை மேல சோப்பு மாதிரி ஒரு போர்வை. சோப்பு மூலக்கூறோட வால் ரப்பர்ல குத்தி நிக்கும், தலை தண்ணியைப் பார்த்து நிக்கும். தலையில நெகட்டிவ் மின்சுமை. எல்லா உருண்டைக்கும் நெகட்டிவ், அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளும். ஒரு பக்கம் ஒட்ட இழுக்கிற விசை, இன்னொரு பக்கம் தள்ளுற விசை. இந்த வரவு செலவைக் கணக்காப் போட்டவங்க ரஷ்யாவுல டெர்யாகின், லாண்டாவ் (1941), ஹாலந்துல வெர்வே, ஓவர்பீக் (1948). நாலு பேர் பேரோட முதல் எழுத்தைச் சேர்த்து டி.எல்.வி.ஓ. கொள்கைங்கறாங்க.

போர் தண்ணியில கால்சியமும் மெக்னீசியமும் இருக்கு. ரெண்டும் ரெட்டைப் பாசிட்டிவ். அது வந்து நெகட்டிவ் தலைகளைச் சூழ்ந்து அடக்கிடும். சோப்போட சேர்ந்து கரையாத திப்பியாவும் ஆயிடும். தள்ளுற விசை போச்சு, உருண்டைகள் ஒட்டிக்குது. சாதா உப்புல இருக்கிற ஒத்தைப் பாசிட்டிவ் சோடியத்தை விட ரெட்டைப் பாசிட்டிவ் எத்தனை மடங்கு கெடுக்கும் தெரியுமா? காகிதக் கணக்குல 2-இன் ஆறாம் அடுக்கு, 64 மடங்கு. நடைமுறையில அவ்வளவு வராதாம், ஆனா பல மடங்குங்கறது நிஜம். "வட்டிக்கு வட்டி உனக்குச் சொல்லவா வேணும்?"னாரு மேஷ்ட்ரு.

அதுக்கும் மேல ஒண்ணு. இந்தச் சரக்கு கடைசியில போய்ச் சேர்றது சிமெண்டுக்குள்ள. சிமெண்ட் தண்ணி பட்டதும் கால்சியத்தை அள்ளிக் கொட்டும். போர்வெல்லையே தாங்காதது சிமெண்ட்டை எங்க தாங்கும்?

*

இப்போ அந்த ஸ்விட்டர் அயனி. ஜெர்மன்ல ஸ்விட்டர்னா ரெண்டும் கலந்தது, இருபாலினம்னு பொருளாம். மூலக்கூறோட தலையில ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ், ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல. கூட்டிப் பார்த்தா பூஜ்யம். ஷாம்புல இருக்கிறது பீட்டெய்ன்னு ஒரு வகை. 19-ஆம் நூற்றாண்டுல சர்க்கரை பீட் கிழங்குச் சாற்றுல முதல்ல கண்டுபிடிச்ச ஒரு பொருளோட பேரு, அதே தலை உள்ள குடும்பத்துக்கே ஆயிடுச்சு. இந்த ஷாம்பு பீட்டெய்னோட வால் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயில இருந்து வருதுன்னு கேட்டதும் எனக்கு ஊர்ப் பெருமை வேற :-)

எனக்கு ஒரு சந்தேகம். "மேஷ்ட்ரே, தள்ளுறதே மின்சுமைதான்னீங்க. கூட்டினா பூஜ்யம்னா அது எப்படித் தள்ளும்?"

அவரு திருப்பிக் கேட்டாரு: "உங்க பேங்க்ல ரெண்டு கணக்கு. ரெண்டுலயும் மாசக் கடைசியில பேலன்ஸ் பூஜ்யம். ஒண்ணுல வருஷம் பூரா ஒரு என்ட்ரி இல்ல. இன்னொண்ணுல தினம் ஒரு லட்சம் வருது, ஒரு லட்சம் போகுது. ரெண்டும் ஒண்ணா?"

ஆகாதுல்ல! முதல் கணக்கு தூங்குது. ரெண்டாவது கணக்குக்குப் பின்னாடி ஒரு கடையே ஓடுது. பேலன்ஸைப் பார்த்து ஆளை எடை போடறவன் பேங்க்காரனே இல்ல, டர்ன்ஓவரைப் பார்க்கணும்.

அதே கதைதான். கூட்டினா பூஜ்யம், ஆனா ரெண்டு முனையும் உயிரோட இருக்கு. ரெண்டும் தண்ணி மூலக்கூறுகளை இழுத்துப் பக்கத்துல இறுக்கி வெச்சுக்கும். உருண்டையைச் சுத்தி தண்ணியாலயே ஒரு உறை. இன்னொரு உருண்டை நெருங்கணும்னா அந்தத் தண்ணியை உரிச்சு எறியணும், அது லேசுல முடியாது. மழையில குடை விரிச்சு நிக்கிற ரெண்டு பேர் மாதிரி. அவங்களுக்குள்ள பகை ஒண்ணும் இல்ல, ஆனா குடை நெருங்க விடாது. கால்சியம் வந்து நெகட்டிவை அடக்கலாம், குடையைச் சுலபமா மடக்க முடியாது.

இன்னொரு வேலையும் செய்யும். ஏற்கெனவே போர்வையில இருக்கிற நெகட்டிவ் தலைகள் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு இடைவெளி விட்டுத்தான் நிக்கும். இந்த ரெட்டைத் தலைக்காரன் நடுவுல புகுந்து சமாதானம் பண்ணி எல்லாரையும் நெருக்கி நிக்க வைப்பான். போர்வையில ஓட்டை குறையும்.

அதுக்காக இது சஞ்சீவி இல்ல. மேஷ்ட்ரு விரல் விட்டு எண்ணினாரு. கார்பாக்ஸில் வகை பீட்டெய்ன்ல ஆசிட் சேர்ந்தா நெகட்டிவ் முனை அடைபட்டு வெறும் பாசிட்டிவ் ஆயிடும். அது நெகட்டிவ் உருண்டை மேல போய் உக்காந்தா காப்பாத்த வந்தவனே கவுத்துடுவான். சல்ஃபோ வகை இதுல உறுதி. அளவு கம்மியானா போர்வை மூடாது. ஜாஸ்தியானா நுரை, பூச்சுல ஊசித்துளை. அதோட காஞ்ச பிறகு மிச்சம் தங்குற சர்ஃபாக்டன்ட் தண்ணியைக் கூப்பிடும். வாட்டர்ப்ரூஃபிங் சாமானுக்குள்ள தண்ணிப் பிரியன்! முக்கியமா, திரிஞ்சது திரிஞ்சதுதான். இதை ஊத்தி பழைய கேனைப் பாலாக்க முடியாது.

*

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. எங்க ஊர்ப் பால் ஞாபகமாவே இருந்துச்சு. மேஷ்ட்ரு போறப்போ ஒண்ணு சொல்லிட்டுப் போயிருந்தாரு: "நிம்ம ஊர் மரம் இதை எப்பவோ பண்ணிடுச்சு."

கொஞ்சம் தேடிப் படிச்சேன். ரப்பர் மரத்துப் பால்ல ஒவ்வொரு உருண்டையையும் சுத்தி புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த ஒரு தோல். அந்த பாஸ்போலிப்பிட்ல முக்கியமானது லெசித்தின், முட்டை மஞ்சள் கருவுல இருக்கிற அதே லெசித்தின். அதோட தலையில ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ். அசல் ஸ்விட்டர் அயனி! புரதமும் ரெண்டு சுமையும் உள்ளதுதான், மரத்துல இருந்து இறங்கறப்போ நெகட்டிவ் பக்கம் சாய்ஞ்சிருக்கும். நேரம் ஆக ஆக பாக்டீரியா பால்ல ஆசிட் உண்டாக்கும். அப்பா டிஷ்ல விடற ஃபார்மிக் ஆசிட்டும் அதே வேலைதான். பி.எச். 5-க்குப் பக்கம் இறங்கினா புரதத்தோட ரெண்டு சுமையும் சமமாகி, தள்ளுறது நின்னு, பால் உறையும்.

அம்மோனியா என்ன செய்யுது? பாக்டீரியாவை அடக்குது. பி.எச்.சை ஏத்தி நெகட்டிவைக் கூட்டுது. பால்லயே இருக்கிற மெக்னீசியத்தை பாஸ்பேட்டோட சேர்த்துச் சகதியா அடியில தள்ளுது. பாஸ்பேட் போதலேன்னா ஆலையில டி.ஏ.பி. போடுவாங்க. ஆமா, விவசாயக் கடன்ல நாம பில் பார்க்கிற அதே டி.ஏ.பி.! நாள்பட நாள்பட அம்மோனியா அந்த லெசித்தின் வகையறாவை உடைச்சு கொழுப்பமில சோப்பாவும் மாத்தும். அதனால, கடையறப்போ திரியாம தாங்குற சக்தி ஏறும். அதை அளக்க ஒரு சோதனை இருக்கு. லேடக்ஸை நிமிஷத்துக்கு 14,000 சுத்து கடைஞ்சு, எத்தனை வினாடியில முதல் குறுணை தெரியுதுன்னு பார்க்கிறது. 60 சதவீதம் ரப்பர் உள்ள சென்ட்ரிஃபியூஜ் லேடக்ஸுக்கு சர்வதேசத் தரம் குறைஞ்சது 650 வினாடி.

ஆக, அன்னிக்கு நான் வாழை மூட்டுல கொட்டினது வெறும் நாத்தத் தண்ணி இல்ல.

*

ரெண்டு நாள் கழிச்சு மேஷ்ட்ருவையும் கூட்டிக்கிட்டு ஹெப்பாள் போனேன். பீட்டெய்ன் சாம்பிள் சப்ளையர் கொடுத்திருந்தாரு. வெத்தலைச் சுண்ணாம்பைத் தண்ணியில கரைச்சு, தெளிய வெச்சு எடுத்துக்கிட்டோம். அதுல இருக்கிறது கால்சியம்தான், சிமெண்டோட சின்னத் தம்பி. ரெண்டு டம்ளர்லயும் அதே மலிவு லேடக்ஸ். ஒண்ணுல சும்மா, ஒண்ணுல பீட்டெய்ன் கலந்து. ஸ்பூன் ஸ்பூனா சுண்ணாம்புத் தெளிவை விட்டாங்க அந்தம்மா. மூணாவது ஸ்பூன்ல முதல் டம்ளர்ல குறுணை. ஆறாவதுல பனீர். ரெண்டாவது டம்ளர் பத்து ஸ்பூனுக்கும் பாலாவே இருந்துச்சு. வேலை செய்ற பொண்ணுங்க எல்லாம் வந்து சுத்தி நின்னுட்டாங்க.

மறுநாள் காலையில அந்தம்மா போன், குரல் உடைஞ்சு: "சார், அதுவும் அடியில தங்கிடுச்சு." போய்ப் பார்த்தோம். மெல்லிசா ஒரு படிவு. மேஷ்ட்ரு ஸ்பூனை விட்டுக் கலக்கினாரு, மறுபடி பால். "அடியில தங்கறது வேற, திரியறது வேற. தங்கினது கலக்கினா எழுந்து வரும். திரிஞ்சது வராது."

அந்த வாக்கியத்தை நான் பேங்க்குக்கு எடுத்துட்டுப் போனேன்.

என் அறிக்கையில நாலு லட்சம் சரக்கைக் கழிச்சேன். அதுல தாட்சண்யம் பார்க்கல. கணக்கு எல்லை தாண்டினதைத் தாண்டினதாவே காட்டினேன். அப்புறம் பதினெட்டு மாசத்து வரவு செலவை எடுத்து வெச்சேன். கடைகள்ல இருந்து வாரா வாரம் வந்த பணம், சம்பளம் ஒரு மாசம்கூட நிக்காதது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாம். பேலன்ஸ் மோசம், டர்ன்ஓவர் உயிரோட இருக்கு. சிறுதொழில் சீரமைப்புக்கு ரிசர்வ் வங்கி 2016-இல் கொடுத்த வழிமுறை இருக்கே, அதுப்படி திருத்தத் திட்டம் எழுதினேன். எல்லை தாண்டின தொகையைத் தவணையாப் பிரிக்கிறது, ஆர்.ஓ. மெஷின் ரிப்பேருக்கு முதல் செலவு, பழைய தர லேடக்ஸ், ஒவ்வொரு பேட்ச்சுலயும் ஒரு கேனை மூணு மாசம் எடுத்து வெச்சுப் பார்க்கிறது. பீட்டெய்ன் கடைசி வரிதான், சின்ன அளவு. போர் தண்ணிக்குப் பரிகாரம் ஷாம்பு இல்ல, நல்ல தண்ணிதான்னு மேஷ்ட்ரு கண்டிஷனாச் சொல்லியிருந்தாரு. லிமிட் ஏத்தச் சொல்லல.

மேனேஜர் ரெண்டு முறை திருப்பி அனுப்பினாரு. "திரிஞ்ச பாலுக்கு வக்காலத்தா?"ன்னு கேட்டாரு. "திரிஞ்சதைக் கழிச்சாச்சு சார், இது தங்கினது"ன்னேன். அவருக்குப் புரிஞ்சுதோ இல்லையோ, மூணாவது தடவை மேல போச்சு. வந்துச்சு. இந்த மாசம் வரைக்கும் தவணை வருது. அடுத்த மாசத்துக்கு நான் ஜாமீன் இல்ல. எட்டு பேரும் வேலையில இருக்காங்க.

*

சாங்ஷன் வந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணினேன். எழுபத்தெட்டு வயசு. வெட்டு நிறுத்தியாச்சு, தோட்டம் குத்தகைக்கு. லேடக்ஸ், சுண்ணாம்பு, பீட்டெய்ன் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் எப்படி வாய் வந்துச்சுன்னு தெரியல, 1992-ஐயும் சொல்லிட்டேன். வாழை மூடு வரைக்கும்.

கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் சொன்னாங்க:

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா. அம்மோனியா விட்டிருந்தா கேன் திறக்கும்போ கண்ணு எரியும்லா. எரியல்ல."

"பொறவு ஏன்ப்பா கேக்கல?"

"நீ மூலையில நின்னு அழுதுட்டுக் கிடந்த. அதுவே போதும்னு விட்டேன்." அப்புறம், "சரி, அந்தப் பொம்பளைக்கு லோனு குடுத்தியா?"

"முழுசா இல்லப்பா. அவகாசம் குடுத்தோம்."

"அது மதி"ன்னுட்டு, மழை உண்டாலே அங்கன்னு கேட்டாங்க.

டிஸ்கி 1: யூனிட், தொகை, நாள் கணக்கு எல்லாத்துலயும் அடையாளம் தெரியாம இருக்கக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். யாருன்னு யூகிக்க வேண்டாம்.

டிஸ்கி 2: இதைப் படிச்சுட்டு யாராவது மொட்டை மாடி சிமெண்ட்ல பேபி ஷாம்பு ஊத்தினா கம்பெனி பொறுப்பில்லை. தங்கமணி இப்பவே என் மேல ஒரு கண் வெச்சிருக்காங்க :-)